முதுமையும் நடிப்பும்: சத்யனின் செல்லப்பன்

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர்களிடம் நடிப்பு என்றதும் சிவாஜியின் பெயர்தான் முதலில் வரும். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே உறங்கும் ஒரு நடிகரை நம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் சத்யன்.

1912-இல் பிறந்த இவரது இயற்பெயர் மானுவேல் சத்யநேசன். ஆசிரியர், தலைமைச் செயலக எழுத்தர், ராணுவ வீரர், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் என்று பல வேலைகள் பார்த்தவர். நேமம் மெரிலாண்ட் ஸ்டுடியோவின் 'ஆத்மசகி' (1952) வெளிவந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கறுத்த நிறம், குறைவான உயரம். கதாநாயகனுக்கு அன்று எதிர்பார்த்த லட்சணம் எதுவும் கிடையாது. ஆனாலும் 'நீலக்குயில்' (1954), 'செம்மீன்' (1965) என்று உயர்ந்தார். கேரள அரசின் முதல் திரைப்பட விருதுகளில் (1969) 'கடல்பாலம்' படத்துக்காகச் சிறந்த நடிகரானார்.

நான் இங்கே சொல்ல வந்தது 'அனுபவங்கள் பாளிச்சகள்' (1971) பற்றி. பாளிச்ச என்றால் பிசகு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைப் படமாக்கியவர் கே.எஸ்.சேதுமாதவன், 'மறுபக்கம்', 'நம்மவர்' வழியாக நமக்கும் தெரிந்தவர்தான். மனைவி மேல் சந்தேகம், குடும்பப் பிரிவு, கொலை, தூக்குமேடை என்று கதையில் கண்ணீருக்குப் பஞ்சமில்லை. வேறொருவர் நடித்திருந்தால் கத்தியே தீர்த்திருப்பார். சத்யனோ குரலை உயர்த்த வேண்டிய இடத்திலும் அடக்கிக்கொள்கிறார். தளர்ந்த தோளும் சோர்ந்த கண்ணுமே செல்லப்பனின் பாரத்தைச் சொல்லிவிடுகின்றன.

அந்தத் தளர்ச்சி முழுக்க நடிப்பல்ல. ரத்தப் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1971 ஜூன் 15-ஆம் நாள் சென்னையில் காலமானார், வயது 58. அதன் பிறகே படம் வெளிவந்தது.

நாகர்கோவிலிலிருந்து சாலைக் கடைக்குப் பிழைக்க வந்த என் சித்தப்பாதான் என்னைத் தம்பானூர்ப் பக்கம் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். இடைவேளையில்கூட அவர் பேசவில்லை. படம் முடிந்து வெளியே வந்ததும், "ஏல, செத்துப்போன மனுசன்லா தூக்குமேடைக்கு நடந்து போறான்!" என்றார். இன்றும் அந்தப் படத்தை நினைத்தால் அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. தொழிலாளர் எழுச்சி நடந்த 1940-களில் ஆலப்புழையில் காக்கிச் சட்டை போட்டிருந்தவர் சத்யன். அவரே கடைசியில், போலீசுக்குத் தலைமறைவாகத் திரியும் கம்யூனிஸ்ட் தொழிலாளியாக நடித்தார். துரத்துகிறவனையும் துரத்தப்படுகிறவனையும் அருகிலிருந்து பார்த்த அனுபவம் அந்த முகத்துக்கு உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதே படத்தில் கூட்டத்தில் ஒருவராகத் தலைகாட்டிய இளைஞர்தான் பின்னாளைய மம்மூட்டி!

வயதை மறைக்க நடிகர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். சத்யன் வயதையும் நோயையும் மறைக்காமல் பாத்திரத்துக்கே கொடுத்துவிட்டார். பாளையம் எல்.எம்.எஸ். வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.