வழுக்கையாற்றங்கரையில் ஒரு வகுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு உண்டோ என்று வினவுவார்க்கு நாம் காட்டக்கூடியது வழுக்கையாறு ஒன்றே. மாரியிற் பெருகிக் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்ப்புறங்களைக் கடந்து, அராலிப் பக்கத்திற் கடனீரேரியை அடையும், கோடையில் வற்றிவிடும். வழியில் நிலத்துட் கசியும் அதன் நீர் சுண்ணக்கல்லினூடே சென்று அயற்கிணறுகளையும் ஊட்டுகின்றது. ஆதலின் ஆற்றின் நலம் வேறு, நாம் பருகும் நீரின் நலம் வேறு அன்று.

தமிழாசிரியராகிய நாம் உயிரியல் மாணாக்கருடன் அங்கே சென்றது, உண்மையைச் சொன்னால், துணைக்காகவே. கைவலை, வெள்ளைத் தட்டம், கரண்டி, குறிப்புப் புத்தகம் ஆகியனவே கருவிகள். நீர்ப்பூண்டுகளின் அடியில் அரித்துத் தட்டத்திற் கவிழ்த்தபோது சேறே தெரிந்தது. சற்றுப் பொறுத்திருந்தோம், சேறு அசையத் தொடங்கிற்று.

தும்பியின் இளவுரு ஒன்று, மடித்து வைத்திருந்த கீழுதட்டைச் சட்டென நீட்டி ஒரு சிறுபுழுவைப் பற்றிற்று. வயிற்றின் இருமருங்கும் பூக்களை ஓயாது அசைத்தபடி மேஃபிளைப் பூச்சியின் இளவுருக்கள் சில ஒதுங்கி நின்றன. நீரிலுள்ள ஒட்சிசனை அவை பெறுவது அப்பூக்களினாலாம். அவ்வினத்துட் பல, ஒட்சிசன் குறைந்த நீரில் வாழமாட்டா.

வடிகாலொன்று கலக்குமிடத்தில் அவற்றுள் ஒன்றேனும் அகப்படவில்லை, செம்புழுக்களே நெளிந்தன. நுளம்பை ஒத்தும் கடியாத ஒரு சிறு பூச்சியின் குடம்பிகள் அவை. நமது குருதியிற்போல அவற்றினும் ஈமோகுளோபின் உண்டு. ஒட்சிசன் அருகிய சேற்றில் உயிர் தரிக்க உதவுவது அதுவே. இரசாயனச் சோதனை அக்கணத்து நீரைச் சொல்லும். இப்பிராணிகளோ கழிந்த பல நாட்களின் நீரைச் சொல்லும்.

"ஆறு கெட்டுவிட்டது" என்று ஒரு மாணவன் எழுதினான். இலக்கணப் பிழை யாதுமில்லை, ஆயினும் அடித்துவிட்டோம். எத்தனை முறை அரித்தாய், எவை எத்தனை கண்டாய் என்று வினவினோம். முகஞ் சுளித்தவாறே இரண்டிடத்தும் மும்முறை அரித்து எண்ணினான். எண்கள் எழுதப்பட்டபின் அவ்வாக்கியம் அவனுக்கே வேண்டப்படவில்லை. பிராணிகளை நீரில் விட்டு மீண்டோம்.

பங்குனியில் மறுபடி சென்றோம். ஆற்றுப்படுகை வெடித்துக் கிடந்தது. அதே மாணவன் சேற்றுக்கட்டியை அகழ்ந்து, வாயை மூடியால் இறுக அடைத்திருந்த நத்தையொன்றை எடுத்து நீர்ப்பாத்திரத்தில் இட்டான். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. நாம் புறப்பட எழுந்தபோது மூடி மெல்லத் திறந்தது.