வாசகனுக்குக் காவலன் வேண்டுமா?

நூல்களைத் தடைசெய்வது முறையா என்ற வினா எழும்போதெல்லாம் நம் அறிஞர்கள் மேனாட்டு வரலாற்றை எடுத்துக்காட்டுவது வழக்கம். அரசின் இசைவின்றி எந்நூலும் அச்சேறலாகாது என்று 1643இல் ஆங்கிலப் பாராளுமன்றம் கட்டளையிட்டதும், அதனை எதிர்த்து மறு ஆண்டில் மில்டன் 'அரியோபஜிட்டிக்கா' என்னும் நூலை வெளியிட்டதும் இலக்கிய மாணவர் அறிந்த செய்திகளே. தீமை இன்னதென்று அறியாதவனுடைய நன்மை சோதிக்கப்படாத நன்மை என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவ்வாதம் இன்றும் பழுதுபடவில்லை.

ஆயினும் பதுளையிலும் மொனராகலையிலும் வாழும் நமக்கு இவ்வினா வேறொரு கோலத்தில் வந்து நிற்கிறது. மில்டன் வாழ்ந்த நாட்டில் நூல் அச்சகத்தில் தடுக்கப்பட்டது. நம் மலைநாட்டிலோ அச்சாகி வெளிவந்த நூலும் வாசகனின் கையை அடையுமுன் வழிமறிக்கப்பட்டது. தடைச்சட்டமும் வேண்டியிருக்கவில்லை, தடைப்பட்டியலும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஓசையற்ற தடையை ஆராயாமல் நூல்தடை பற்றிய நம் விவாதம் நிறைவு பெறாது.

தோட்டத்து வாயில்

பெருந்தோட்டம் என்பது அந்நாளில் தனியார் நிலமாக இருந்தது. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரேனும் லயத்துப் பக்கம் சென்றால் அத்துமீறிப் புகுந்தார் என்று வழக்குத் தொடர முடிந்தது. எந்தப் பேச்சாளர் வரலாம், எந்தப் பத்திரிகை வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இவ்வாறு ஒரு தனி மனிதரின் கையில் தங்கியிருந்தது. தஞ்சையிலிருந்து வந்து, பின்னர் இந்நாட்டின் தோட்டத் தொழிலாளருக்கு முதற்குரலாக விளங்கிய கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்காகப் புடவை வியாபாரியைப்போலத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பத்திரிகாசிரியர் ஒருவர் தம் வாசகரைக் காண்பதற்கு வேடம் பூணவேண்டியிருந்தது என்றால் அதைவிடக் கடுமையான தணிக்கை வேறு யாது?

'தேச நேசன்', 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகளை நடத்திய நடேசய்யர், அச்செழுத்து மட்டும் லயத்தை எட்டிவிடாது என்பதை விரைவில் உணர்ந்தார். எழுத்தறியாதோர் பலர்; எழுத்தறிந்தோருக்கும் பத்திரிகை கிட்டுவது அரிது. எனவே நாடகத்தையும் பாட்டையும் துணைக்கொண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. காகிதத்தைத் தடுக்கலாம், காதில் விழுந்து மனத்திற் பதிந்த பாட்டை எந்தக் கங்காணி தடுக்க இயலும்?

இத்தடையின் மற்றொரு முகம் கல்வி. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின்மீது சுமத்தியது. ஆனால் ஓராசிரியர் நடத்தும் ஒற்றைக் கொட்டகையே பல தோட்டங்களில் நெடுங்காலம் பாடசாலையாக இருந்தது. 1977க்குப் பின்னரே இப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. படிக்கத் தெரியாதவனுக்கு எல்லா நூல்களும் தடைசெய்யப்பட்ட நூல்களே.

சுங்கத்து வாயில்

துரைமார் செய்த தடையை நாம் எளிதிற் கண்டித்துவிடுகிறோம். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட தடையை மதிப்பிடுவதுதான் கடினம். 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தின் காலத்தில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடி அதற்கு ஒரு காரணம். இலக்கியக் காரணமும் இருந்தது. தமிழகத்து வணிகச் சஞ்சிகைகள் நசிவு இலக்கியத்தைப் பரப்புகின்றன, அவற்றின் வெள்ளத்தில் ஈழத்து எழுத்து மூழ்கிப்போகிறது என்று நம் எழுத்தாளர் பலர், சிறப்பாக முற்போக்கு அணியினர், நெடுநாளாகக் குரலெழுப்பி வந்தனர்.

அதன் விளைவு முற்றிலும் தீயது என்று கூற இயலாது. உள்நாட்டு வெளியீட்டுக்குச் சந்தை பிறந்தது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. பதுளையின் ஹாலி-எலப் பகுதியிற் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவல் 1974இல் வெளிவந்தது இச்சூழலிலேதான். லயத்து வாழ்வை உள்ளிருந்து கண்டு எழுதிய அப்படைப்பு ஊவாவுக்குப் பெருமை தேடித்தந்தது.

ஆகவே தடை இலக்கியத்தை வளர்த்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு கருதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஜோசப்பும் அவருடைய தோழர்களும் தடைக்கு முன்னரே எழுதத் தொடங்கியவர்கள். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் நடத்திய சிறுகதைப் போட்டிகளிற் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலுருப் பெற்றன. தமிழகச் சஞ்சிகைகள் தாராளமாக வந்துகொண்டிருந்த காலத்திலேயே முளைத்த பயிர் அது. அதனை வளர்த்தவை போட்டியும் பதிப்பும் பரிசும் பத்திரிகை ஆசிரியர்களின் ஊக்கமும் ஆகும். 1977இன் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்து சஞ்சிகைகள் மீண்டும் வந்தபோதும் ஜோசப் எழுதுவதை நிறுத்தவில்லை. 2022இல் மறையும்வரை அவர் பேனா ஓயவில்லை. நல்ல நூலுக்குப் பாதை அமைப்பது ஒன்று. பிற நூலுக்குப் பாதையை அடைப்பது வேறொன்று. முதலாவதைச் செய்வதற்கு இரண்டாவது இன்றியமையாததன்று.

சட்டத்து வாயில்

இனி, மெய்யாகவே நஞ்சு பரப்பும் எழுத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. இன்னாரை அடி, இன்னாரின் கடையைக் கொளுத்து என்று தூண்டும் துண்டுப்பிரசுரத்துக்குக் கருத்துச் சுதந்திரம் என்ற கவசத்தை அளிக்க எவரும் முன்வரார். அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டும்.

ஆனால் அச்சட்டம் யாரைத் தேடிச் சென்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். பகைமையைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவைக் கொண்ட, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் சமவாயச் சட்டத்தின்கீழ், 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதானார். நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்னும் தம் தமிழ்க் கவிதை நூலின் காரணமாக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார். அக்கவிதைகள் வன்முறையைக் கண்டிப்பவை என்று தமிழறிந்தோர் எடுத்துரைத்தும் 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023இல் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நீதி வென்றது உண்மையே. ஆயினும் கவிஞர் சிறையிற் கழித்த நாட்களை எத்தீர்ப்பு திருப்பியளிக்கும்?

தமிழகத்திலும் இதே கதைதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தபோது எதிர்ப்பு எழவில்லை. 2014இன் இறுதியில் கிளர்ச்சி மூண்டது. 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்கும் நிலை உண்டாயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், நூல் பிடிக்காதவர் அதனை மூடிவைத்துவிடலாம் என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. நாவலின் சில பக்கங்கள் தம் ஊரை இழிவுபடுத்துவதாகக் கருதியவர்களின் மனவேதனை பொய்யென்று நாம் கூறவில்லை. அவ்வேதனையை மறுப்புரையாக எழுதியிருக்கலாம். எழுத்தாளனின் பேனாவைப் பிடுங்கும் உரிமையை அது தந்துவிடாது.

ஆசிரியரின் கடமை

இவற்றால் நாம் அறிவது யாது? துரை, அமைச்சர், காவல்துறையினர், ஊர்ப் பெரியவர் ஆகிய நால்வரும் ஒரே எண்ணத்தை உடையவர்கள்: வாசகனுக்குத் தானே ஆராய்ந்து முடிவு செய்யும் ஆற்றல் இல்லை என்பதே அது. தோட்ட மக்களைப் பற்றி இவ்வெண்ணம் தலைமுறை தலைமுறையாக நிலவிவந்தது. அதே எண்ணத்தை நம் பாடசாலை நூலகங்களில் நாமும் பேணலாமா? நூல்கள் அழுக்காகிவிடும் என்று அலுமாரியைப் பூட்டி வைப்பதும், இந்த நாவல் நம் பிள்ளைகளுக்கு விளங்காது என்று ஒதுக்குவதும் பழைய வாயிற்காவலின் எச்சங்களே.

வயதுக்கேற்ற நூலைத் தேர்ந்து கொடுத்தல் தணிக்கையாகாது. அது கற்பித்தலின் ஒரு பகுதி. பத்து வயதுச் சிறுமிக்கு உரியதைப் பதினெட்டு வயது மாணவிக்கு உரியதிலிருந்து பிரித்தறிவது ஆசிரியரின் பணி. ஆனால் உயர்தர வகுப்பு மாணவனின் கையிலிருந்து ஒரு நூலைப் பறிக்குமுன், அதனை நாம் முற்றும் படித்திருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். சர்ச்சைக்குரிய நூலையும் அதற்கு எழுந்த மறுப்பையும் ஒருங்கே வைத்து வகுப்பில் விவாதிக்கலாம். ஒவ்வாததை ஏன் ஒவ்வாதது என்று சொல்லப் பழகிய மாணவன், நாளை எவருடைய நச்சுப் பேச்சுக்கும் எளிதில் மயங்கான்.

பதுளையிலும் மொனராகலையிலும் தோட்டந்தோறும் ஒரு வாசிகசாலை எழவேண்டும். அதன் அலுமாரிக்குப் பூட்டு இராதிருக்கவேண்டும். அப்பணிக்குச் சட்டம் எதுவும் தடையாக நிற்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் இலக்கிய வட்டத்தாரும் மனம் வைத்தால் வரும் தவணையிலேயே அதனைத் தொடங்கிவிடலாம்.