தடை இருக்கும் இடமும் பாயும் பிரவாகமும்

மோட்டார் வண்டியின் வயரிங்கில் ஒரு ரெஸிஸ்டரைச் சேர்த்துவிட்டால், பாட்டரியின் 12 வோல்ட்டில் இன்னவளவு வோல்ட்டை அது எக்காலமும் குறைத்துக்கொண்டிருக்கும் என்ற அபிப்பிராயம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. உண்மையில் ரெஸிஸ்டருக்கென்று நிலையான வோல்ட் கணக்கு ஏதும் கிடையாது. 1827-இல் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஓம் வெளியிட்ட விதியின்படி, அதன் தடையையும் அதன் வழியே பாயும் ஆம்பியரையும் பெருக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு வோல்ட்டே அதில் வீழும். பிரவாகம் நின்றால் வீழ்ச்சியும் நின்றுவிடும்.

60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது; எரியும்போது அதன் இழையின் தடை 2.4 ஓம். எர்த் வயரைப் பாடியில் முடுக்கிய போல்ட்டில் துரு ஏறி, வெறும் 0.2 ஓம் தடை உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பிரவாகம் சுமார் 4.6 ஆம்பியராகக் குறைந்து, பல்புக்கு 11.1 வோல்ட்டே கிடைக்க, 4 வாட்டுக்கு மேற்பட்ட சக்தி துருப்பிடித்த அந்த இணைப்பில் உஷ்ணமாக விரயமாகிறது. வோல்ட் குறைவதைக் காட்டிலும் மிக வேகமாக இழையின் ஒளி குறையுமாதலால், வோல்ட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்குகூடக் குறையாதபோதே வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது.

இங்கே தோஷமாக இருக்கும் தடையே வேறிடத்தில் உபயோகமாகிறது. பல வண்டிகளில், ஏ.ஸி. காற்றை வீசும் புளோயர் மோட்டாரின் வேகத்தைக் குறைப்பதற்கு அதனோடு தொடராக ரெஸிஸ்டர்களை இணைத்து, அவற்றில் பிறக்கும் உஷ்ணத்தை அந்தக் காற்றே தணிக்கும்படி காற்றுக் குழாயினுள் பொருத்தியிருப்பார்கள். உச்ச வேகத்தில் மின்சாரம் ரெஸிஸ்டரைத் தொடாமல் மோட்டாருக்கு நேரே செல்வதால், ரெஸிஸ்டர் எரிந்துபோன வண்டியில் குறைந்த வேகங்கள் செயலற்றுப்போனாலும் உச்ச வேகம் மட்டும் வேலை செய்யும்.

தொடராக இல்லாமல் பக்க இணைப்பாக வைத்தால் கதையே மாறிவிடுகிறது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுத்துவிட்டுச் சில வாட்டே வாங்கும் எல்.இ.டி. விளக்கைப் போட்டால், பிரவாகம் குறைந்ததைக் கண்ட பிளாஷர், பல்பு பீஸ் போய்விட்டதென்று கொண்டு படபடவென்று சிமிட்டத் தொடங்கும். இதற்குப் பரிகாரமாக விளக்குக்குப் பக்கத்தில் இணைக்கும் 6 ஓம் ரெஸிஸ்டர், விளக்கின் வோல்ட்டைக் குறைப்பதில்லை. தான் தனியே 2 ஆம்பியர் இழுத்து, 24 வாட்டை உஷ்ணமாக்குகிறது. எஞ்சின் ஓடி 14 வோல்ட் வரும்போது அது சுமார் 33 வாட்டாக உயர்கிறது. ஆகவே அதைப் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல், பாடியின் உலோகத்தில் ஸ்குரூ போட்டுப் பொருத்துவதே முறை.

பிரவாகம் இல்லாதபோது வீழ்ச்சியும் இல்லையாதலால், பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்துப் பார்ப்பவருக்குத் துருவேறிய இணைப்பும் முழு 12 வோல்ட்டையே காட்டி ஏமாற்றிவிடும். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் வைத்துப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமிடத்தில், புதுப் பல்பு வாங்குவதற்கு முன் போல்ட்டைச் சுரண்டி முடுக்குவதே செய்யத்தக்கது.