லேசர் போட்டும் பார்வை ஏன் தெளியவில்லை?

கிளினிக்கின் பச்சைப் பதிவுப் புத்தகத்தில் இந்த ஆண்டுக் கண் பரிசோதனை பதிவாகாத இனிப்புநீர் நோயாளிகள் ஆண்டு முடிவதற்குள் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போயாக வேண்டும். ஆனால் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத்து வாசகர் கடிதங்கள் வேறொன்றைக் கேட்கின்றன: லேசர் போட்டும் பார்வை தெளியவில்லையே, இனி எதற்குப் போவது?

போன பார்வையை மீட்க லேசர் போடுவதில்லை, இருப்பதைக் காப்பாற்றத்தான் போடுகிறார்கள். நாற்காலியில் உட்காருமுன் நோயாளிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து, பிறகு அடைபடுகின்றன. பிராணவாயு கிடைக்காத திசு, புதுக் குழாய் வேண்டும் என்று ஒரு புரதத்தைச் சுரந்து கேட்கிறது. உடலும் தருகிறது. ஆனால் அந்தக் குழாய்கள் வலுவற்றவை. உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். கூடவே வளரும் தழும்பு சுருங்கி, விழித்திரையையே பெயர்த்துவிடும். உதவிக்கு வந்ததே கண்ணைப் பறிக்கிறது.

லேசர் கை வைப்பது இந்தக் கேட்பின் மேல். விழித்திரையின் ஓரங்களை நூற்றுக்கணக்கான புள்ளிகளில் சுட்டுவிட்டால், பிராணவாயு கேட்கும் திசு குறைகிறது, புரதமும் குறைகிறது, புதுக் குழாய்கள் வாடுகின்றன. நடுப் பார்வைக்காக ஓரத்தைப் பலி கொடுக்கும் ஏற்பாடு இது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு, மறு கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைந்தது 1976இல் தெரிந்தது.

தேசிய ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் இனிப்புநீர் உள்ளவர்கள் 2019இல் 18.3 விழுக்காடு, 2023இல் 15.6. நல்ல செய்திதான். ஆனால் கண் கெடுவது நோயோடு கழித்த ஆண்டுகளால். இந்தச் சரிவால் கண் மருத்துவமனை வரிசை உடனே குறையாது. 2007ஆம் ஆண்டின் தேசிய இனிப்புநீர்க் கண் பதிவேட்டில் 36.8 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது.

'பரிசோதனை முடிந்தது' என்று அரசு எண்ணுவது பெரும்பாலும் எடுத்த விழித்திரைப் படங்களைத்தான். படத்தில் கோளாறு தெரிந்தவர் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதுதான் முக்கியம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் தனியாக இருக்கும் முதியவரை யார் கூட்டிப் போவது? கிளினிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அவரைத் தடுப்பது பயணம். வாகனம் ஏற்பாடு செய்யாமல் தேதி மட்டும் கொடுப்பது பாதி வேலை.

மற்றக் கேள்விகள்:

பார்வை நன்றாக இருந்தால்? அப்போதும் படம் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் அறிகுறியே இருக்காது.

கண்ணாடி மாற்றினால் சரியாகுமா? விழித்திரை பாதிப்புக்கு ஆகாது.

கண்ணில் ஊசி எதற்கு? புதுக் குழாய் கேட்கும் அந்தப் புரதத்தை அடக்கவும், விழித்திரையின் நடுவில் கோத்த நீரை வற்றவைக்கவும்.

இன்சுலின் கண்ணைக் கெடுக்குமா? இல்லை; ஆனால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது பாதிப்பு சில காலம் கூடலாம் என்பதால், முன்னதாகக் கண்ணைக் காட்டிவிட வேண்டும்.

கர்ப்பிணிகள்? ஏற்கெனவே இனிப்புநீர் இருந்தால் தொடக்கத்திலேயே.

திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தால், திரை விழுந்ததுபோல் மறைத்தால்? அன்றே அவசரப் பிரிவுக்கு. அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.