பழைய மில்லுக்குப் புது மூளை: லினக்ஸ்சிஎன்சி

ஒரு சிஎன்சி மில் ஓடாம மூலையில கிடக்குதுன்னா, பல நேரம் செத்தது இரும்பு இல்ல, பக்கத்துல இருக்கிற கன்ட்ரோலர் பெட்டிதான். அந்த மாடலுக்கு போர்டு கிடைக்காது. பெட், பால் ஸ்க்ரூ, ஸ்பிண்டில் எல்லாம் நல்லா இருந்தும் மெஷின் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். அப்படிப் போகவிடாம இருக்க, லினக்ஸ்சிஎன்சி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

1990-களில் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் எழுதப்பட்ட கோட் இதோட பூர்வீகம். அப்போ பேரு இஎம்சி. அரசு எழுதினதால யாரும் எடுத்துக்கலாம்னு வெளியே வந்தது; தன்னார்வலர்கள் வளர்த்தாங்க. அதே பேர்ல இருந்த ஒரு ஸ்டோரேஜ் கம்பெனி ஆட்சேபிச்சதும் பேரு மாறிடுச்சு.

ஜி-கோடைப் படிக்கிறது பெரிய வித்தை இல்ல. கஷ்டம் நேரத்துலதான். பேரலல் போர்ட் வழியா ஸ்டெப்பர் ஓட்டுறீங்கன்னு வைங்க. 25 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை பின்னைத் தொட முடிஞ்சா, ஏத்த ஒண்ணு, இறக்க ஒண்ணு, ஆக விநாடிக்கு 20,000 ஸ்டெப். மோட்டாருக்கு ஒரு சுத்துக்கு 2,000 மைக்ரோஸ்டெப், ஸ்க்ரூ பிட்ச் 5 மிமீ என்றால் 1 மிமீக்கு 400 ஸ்டெப். அதிகபட்சம் விநாடிக்கு 50 மிமீ. இதே கம்ப்யூட்டர் தடுமாறி 100 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவைதான் தொட முடிஞ்சா வேகம் 12.5 மிமீ ஆயிடும். பல்ஸ் நேரம் தப்பினா மோட்டார் ஸ்டெப்பை விட்டுடும். என்கோடர் இல்லாத மெஷினுக்கு அது தெரியவே தெரியாது, தப்பான இடத்துல கூலா வெட்டிட்டே போகும்! அதனாலதான் இதுக்கு ரியல்டைம் கெர்னல் வேணும். கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே லேட்டன்சி டெஸ்ட் போட்டுப் பாருங்க. ஸ்பெக் பெருசா இருக்கிற லேப்டாப் இதுல மோசமா வரலாம். மீசா மாதிரி எஃப்பிஜிஏ கார்டு போட்டா பல்ஸ் வேலையை அதுவே பார்த்துக்கும்.

எனக்குப் பிடிச்ச பகுதி ஹால். லிமிட் ஸ்விட்ச், என்கோடர், ஸ்பிண்டில் ரிலே எல்லாம் பின்களா இருக்கும். எதை எதோட இணைக்கணும்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதுறீங்க. ப்ரெட்போர்டுல ஜம்பர் வயர் குத்துற மாதிரிதான்.

மினி ப்ராஜெக்டுக்கு 3 ஆக்சிஸ் போதும்னா, ஆர்டுவினோ ஊனோவில் ஓடுற ஜெர்பில்லே தாராளம்.

ஒண்ணு மட்டும்: எமர்ஜென்சி ஸ்டாப்பை சாஃப்ட்வேரை நம்பி விடாதீங்க. பட்டனை அமுக்கினா மோட்டார் பவரும் ஸ்பிண்டில் பவரும் வயர்லயே கட் ஆகணும். லினக்ஸ்சிஎன்சிக்கு ஒரு சிக்னல் தகவலுக்காகப் போனா போதும்.