இரவல் சாலையில் ஒரு பந்தயம்

இத்தாலியில் 1957-ல் ரத்தத்தில் முடிந்துபோன சாலைப் பந்தயம், ஹைதராபாதின் ஏரிக்கரையில் 2023-ல் பாட்டரியில் ஓடியது. ஆபத்து குறைந்திருக்கிறது. சாலை யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஹைதராபாதின் என்.டி.ஆர். மார்க் வேகத்துக்குப் பேர்போன சாலை அல்ல. ஒரு பக்கம் ஹுசேன் சாகர் ஏரி, மறுபக்கம் தலைமைச் செயலகம். நடுவில் பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகரும். 2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை பிற்பகல் மட்டும் கதை வேறு. சாலையின் இருபக்கமும் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள், அவற்றின் மேல் கம்பி வலை. நடுவே 22 பந்தயக் கார்கள். காதைப் பிளக்கும் எஞ்சின் உறுமல் கிடையாது; கீச்சென்ற ஒரு சீறல்தான். பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம்.

அன்று நடந்தது ஃபார்முலா ஈ எனப்படும் மின்சாரக் கார்களுக்கான உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. கிரேட்டர் நொய்டாவில் 2013-ல் ஃபார்முலா ஒன் பந்தயம் நின்றுபோன பிறகு, இந்தியாவுக்கு வந்த முதல் உலக சாம்பியன்ஷிப் கார் பந்தயம் இதுதான். தடத்தின் நீளம் 2.83 கி.மீ. அதில் 18 திருப்பங்கள். முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் ஜாகுவார் அணியின் மிட்ச் எவன்ஸ். ஒரு கொண்டை ஊசி வளைவில் அவருடைய அணியைச் சேர்ந்த சாம் பேர்டே வந்து மோத, ஜாகுவாரின் கனவு கலைந்தது. கடைசிச் சுற்றுகளில் பிரான்சின் ழான் எரிக் வெர்ன் பாட்டரியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த நியூசிலாந்தின் நிக் காசிடியை அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

நல்ல பந்தயம். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு அது ஹைதராபாதுக்குத் திரும்பவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, சாலையில் கார் ஓட்டிப் பந்தயம் நடத்தும் இந்தப் பழைய ஆசையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆயிரம் மைல் மயக்கம்

சாலைப் பந்தயங்களின் ராஜா என்றால் அது இத்தாலியின் மில்லே மில்யா. பெயருக்கு அர்த்தமே ஆயிரம் மைல். வடக்கே ப்ரெஷ்யா நகரில் கிளம்பி, ரோம் வரை போய், மறுபடி ப்ரெஷ்யாவுக்கு வந்து சேர வேண்டும். மலைப்பாதை, கடைத்தெரு, கிராமத்துச் சாலை என எல்லாம் பொது வழிகள்தான். 1927-ல் முதல் பந்தயத்தில் வென்ற காரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 77 கி.மீ. 1955-ல் பிரிட்டனின் ஸ்டர்லிங் மாஸ் அதை இரண்டு மடங்காக்கிக் காட்டினார்.

மாஸ் ஓட்டியது மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். காரின் மீது எழுதியிருந்த எண் 722. அது காலை 7.22-க்குக் கிளம்பியது என்பதற்கான அடையாளம். ஒவ்வொரு காராக நேரம் விட்டு அனுப்புவார்கள். எண்ணைப் பார்த்தே புறப்பட்ட நேரத்தைச் சொல்லிவிடலாம். மாஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். பாதை முழுவதையும் முன்கூட்டியே சுற்றிப் பார்த்து, எந்த வளைவு ஆபத்து, எந்த மேட்டைத் தாண்டி நேராகப் பாயலாம் என்று நீளமான காகிதச் சுருளில் எழுதி, அதை ஒரு அலுமினியப் பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்தார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் கை ஜாடைதான். ஜென்கின்சனின் கையை நம்பி, கண்ணுக்குத் தெரியாத மேட்டை நோக்கி மாஸ் முழு வேகத்தில் பாய்ந்தார். சுமார் 1,600 கி.மீ. தூரத்தை 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்தார். சராசரி மணிக்கு 157 கி.மீ.க்கு மேல். இரண்டாவதாக வந்த யுவான் மானுவேல் ஃபாஞ்சியோவுக்கும் அவருக்கும் இடையே அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. முறியடிக்க அவகாசமும் இருக்கவில்லை.

வேகம் இரட்டிப்பானது, சாலை மாறவில்லை. ஆயிரம் மைலுக்கு வேலி போட எந்த அரசாலும் முடியாது. பந்தயம் என்றால் ஊரே திரண்டு சாலையோரம் நிற்கும். குழந்தைகள் முன்வரிசையில். 1938-லேயே போலோன்யா நகரில் ஒரு கார் தடம் புரண்டு கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். முசோலினி அரசு தடை விதித்தது. போருக்குப் பிறகு 1947-ல் பந்தயம் மறுபடி உயிர்பெற்றது.

1957 மே 12-ல் கணக்கு முடிந்தது. ப்ரெஷ்யாவை எட்டச் சில பத்து கிலோமீட்டர்களே மிச்சம். குயிடிட்ஸோலோ என்ற ஊருக்கு அருகே, நேர்ச்சாலையில், ஸ்பெயின் நாட்டுப் பிரபு அல்ஃபோன்ஸோ டி போர்ட்டாகோ ஓட்டிவந்த ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் உடன் வந்த எட்மண்ட் நெல்சனும் சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். சில நாட்களிலேயே இத்தாலி அரசு மில்லே மில்யாவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கார் தயாரிப்பாளர் என்ஸோ ஃபெராரி மீது வழக்குத் தொடரப்பட்டு, 1961-ல் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தக் கடைசிப் பந்தயத்தில் வென்றவர் பியரோ தாருஃபி. வெற்றியோடு பந்தயத்தை விட்டு விலகிய அவர், இனி இப்படிப்பட்ட பந்தயங்களே வேண்டாம் என்று பத்திரிகையில் எழுதினார்.

மற்ற நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதேதான். மெக்ஸிகோவைக் குறுக்கே கடந்த கரேரா பனாமெரிக்கானா 1950-ல் தொடங்கி 1954-லேயே நின்றது. பிரான்சின் லெ மான் தடத்தில் 1955-ல் ஒரு மெர்சிடிஸ் பார்வையாளர்களுக்குள் பறந்து விழுந்ததில் 80 பேருக்கு மேல் மாண்டனர். ஸ்விட்சர்லாந்து, தன் மண்ணில் தடப் பந்தயமே கூடாது என்று முடிவு கட்டியது.

சோழவரம் வழி

இந்தியா அந்த நாட்களில் வேறு வழியில் போனது. இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற விமான ஓடுபாதைகள் சும்மா கிடந்தன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த ஓடுபாதையைப் பந்தயப் பிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் உருவானது. மகாராஜாக்களின் வெளிநாட்டுக் கார்களும், கராஜில் ராப்பகலாக முடுக்கிவிடப்பட்ட ஃபியட், ஹெரால்டு கார்களும் ஒரே ஓடுபாதையில் ஓடின. விஜய் மல்லையாவும் கோவையின் கரிவர்தனும் ஓட்டிய இடம் அது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது.

வசதிகள் குறைவு என்றாலும் சோழவரத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. அங்கே யாருடைய பஸ்ஸும் நிற்கவில்லை; யாருடைய ஆஸ்பத்திரி வழியும் அடைபடவில்லை. பார்க்க விரும்பியவர்கள் தேடிப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மின்சாரம் திறந்த கதவு

பூட்டிய கதவைத் திறந்தது மின்சாரம். 2014-ல் பெய்ஜிங்கில் தொடங்கிய ஃபார்முலா ஈ, பந்தயத்தை ஊருக்கு வெளியிலிருந்து நகரத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது. புகை இல்லை, சத்தம் குறைவு, தடம் சிறியது என்பது அதன் வாதம். வாதம் எடுபட்டது. 2018-ல் தடை இருந்த ஸ்விட்சர்லாந்திலேயே விசேஷ அனுமதி பெற்று ஜூரிச் நகரத் தெருக்களில் ஃபார்முலா ஈ ஓடியது. 1954-க்குப் பிறகு அந்த நாட்டில் நடந்த முதல் தடப் பந்தயம் அது.

ஹைதராபாதில் ஓடிய காரின் சூட்சுமம் பிரேக்கில் இருக்கிறது. 350 கிலோவாட் திறன், மணிக்கு 320 கி.மீ. வேகம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் அந்தக் காரின் பின்சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கே கிடையாது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் எதிர்த்திசையில் வேலை செய்து, ஓட்டத்தின் சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கே திருப்பி அனுப்பும். பந்தயத்தில் செலவாகும் சக்தியில் சுமார் 40 சதவீதம் இப்படித் திரும்பி வருவதுதான். அதனால் 18 திருப்பங்கள் இடைஞ்சல் அல்ல. ஒவ்வொரு திருப்பமும் கொஞ்சம் வருமானம். ஆயிரம் மைல் வேண்டாம், இரண்டே முக்கால் கிலோமீட்டர் போதும். அதைச் சுவர் எழுப்பி அடைத்துவிடலாம். 1957-ல் இத்தாலியால் முடியாதது இதுதான்.

பில் யாருக்கு?

ஆனால் சுவர் எழுப்ப வேண்டிய இடம் ஊர் மக்கள் தினமும் போய்வரும் சாலை. பந்தயத்துக்கு முந்தைய நாள், பயிற்சி தாமதமாகிக்கொண்டிருந்த வேளையில், தனியார் வாகனங்கள் தடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. வழக்கமான வழி அடைபட்டதில் குழம்பிப்போன ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள்? உலகம் சிரித்தது. ஆனால் அந்த வாகனங்கள் வழி தவறி வரவில்லை. தடம்தான் அவர்கள் வழியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்தது பணம். பந்தயத்தால் நகரத்துக்கு ரூ.700 கோடி அளவுக்குப் பலன் கிடைத்தது என்றது அப்போதைய பி.ஆர்.எஸ். அரசுத் தரப்பு. 2023 டிசம்பரில் ஆட்சி மாறி காங்கிரஸ் வந்தது. 2024 பிப்ரவரி 10-ல் நடக்கவேண்டிய இரண்டாவது பந்தயம், ஜனவரி முதல் வாரத்திலேயே ரத்து என்று அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மாநில அரசு நிறைவேற்றவில்லை என்றார்கள் பந்தய அமைப்பாளர்கள். விதிகளை மீறிப் பொதுப் பணம் கொடுக்கப்பட்டது என்றது புதிய அரசு. ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பணம் சுமார் ரூ.55 கோடி முறையான அனுமதி இல்லாமல் செலுத்தப்பட்டதாகக் கூறி, 2024 டிசம்பரில் முன்னாள் அமைச்சர் கே.டி. ராமாராவ் மீதும் அதிகாரிகள் மீதும் ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. குற்றச்சாட்டை ராமாராவ் மறுத்தார்; நகரத்தின் பெயரை உலகுக்குக் கொண்டுபோகவே செய்தேன், இது அரசியல் பழிவாங்கல் என்பது அவர் தரப்பு.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயத்துக்குத் தீர்ப்பு தேவையில்லை. சாலை பொதுச் சொத்து. அதை மூட எடுக்கும் முடிவும், அதற்காகக் கொடுக்கும் பணமும் முதல் நாளிலேயே பொதுவில் வைக்கப்பட்டிருந்தால், ஆட்சி மாறியதும் பந்தயம் காணாமல் போயிருக்காது. இவ்வளவு சந்தேகமும் எழுந்திருக்காது.

சென்னைக்கும் இதில் பாடம் உண்டு. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தடத்தில் இரவுப் பந்தயம் நடத்தத் தமிழக அரசு திட்டமிட்டது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் அதைத் தள்ளிப்போட்டது. அரசுப் பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் மருத்துவமனையும் அருகிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டி உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் பந்தயம் நடந்தது; முதல் நாளே சர்வதேச அமைப்பின் சான்றிதழ் வரத் தாமதமாகி எல்லோரும் காத்திருக்க நேர்ந்தது. விளக்கொளியில் கார்கள் சீறியதை ரசித்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆம்புலன்ஸ் எந்த வழியில் போகும் என்ற கேள்வியை நீதிமன்றத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

இத்தாலியர்கள் மில்லே மில்யாவை 1977-ல் மறுபடி தொடங்கினார்கள். வேகத்துக்கு அல்ல, நேரம் தவறாமல் ஓட்டுவதற்கு. 1927 முதல் 1957 வரை அந்தப் பந்தயத்தில் ஓடிய ரகக் கார்களுக்கு மட்டுமே அனுமதி. பழைய கார்கள் மெதுவாக ஊர்களைக் கடக்கின்றன. ஜனங்கள் கை தட்டுகிறார்கள். பள்ளிக் குழந்தைகள் பயமின்றி ஓரமாக நிற்கிறார்கள். சாலை ஊருடையது என்பதை ஒத்துக்கொள்ள இத்தாலிக்கு முப்பது வருடமும் பல உயிர்களும் தேவைப்பட்டன. ஹைதராபாதுக்கு ஒரே ஒரு பந்தயமும் ஒரு வழக்கும். அந்த வகையில் பார்த்தால், மலிவாகவே முடிந்திருக்கிறது.