பழைய நாயனம் வாங்கப் போகிறீர்களா?

இளவயதில் நாயனம் பிடித்துவிட்டு, வேலை, குடும்பம் என்று கீழே வைத்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி எடுக்க நினைத்தால், கை பழைய வாத்தியத்தைத்தான் தேடும். ஏக்கம் ஒரு பக்கம். மரம் இன்னொரு பக்கம்.

ஆடுதுறைக்கு அருகே உள்ள நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடைவது ஆச்சா மரத்தில். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் இடித்த வீட்டின் உத்திரமும் தூணும்தான் ஆசாரிகளுக்குப் பொக்கிஷம். 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது இந்த வேலைப்பாடு. புது நாயனம் என்று வாங்கினாலும் மரம் உங்கள் தாத்தாவுக்கு மூத்ததாக இருக்கும்!

ஆனால் மரத்தைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் சுருதியைக் கேளுங்கள். முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டை, சுருதி உச்சம், நாலு கட்டைக்கும் மேலே. அதில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளை இடம் மாற்றிச் செய்ததுதான் பாரி நாயனம். இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கிய அந்தக் கனத்த நாதமே இன்று மேளத்தின் நாதம். பரணிலிருந்து அழகான திமிரி கிடைத்தால் வீட்டில் வாசிக்கலாம். பாரி பிடிக்கும் ஜோடியுடன் உட்கார முடியாது.

பழைய கார்னெட் வாங்குகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பிரிட்டன் பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960-கள் வரை இன்றைய சுருதியைவிடக் கால் கட்டை உயர்த்தியே வாசித்தன. கார்னெட்டிலாவது குழாயை இழுத்துக் கொஞ்சம் இறக்கலாம். நாயனத்தின் சுருதி உலவின், அதாவது மரக்குழலின், நீளத்திலும் துளை விழுந்த இடத்திலும் உறைந்துபோனது. சீவாளி பொருந்தும் கெண்டையை மாற்றியும், விரல் படாத ஐந்து துளைகளில் மெழுகு வைத்தும் நூலளவுதான் நகர்த்தலாம்.

அடுத்து, சீவாளியையும் கெண்டையையும் கழற்றிவிட்டு உலவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் மயிரளவு விரிசல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விரல் துளைகள் ஏழின் ஓரங்களையும் தடவிப் பாருங்கள். தேய்ந்து அகன்ற துளையில் சுரம் ஏறிவிடும். துளையைப் பெருக்குவது எளிது, சுருக்குவது கடினம். அடியில் மாட்டிய அணசு அடிபட்டிருந்தால் கவலை வேண்டாம், வேறு செய்து மாட்டலாம்.

வாத்தியம் தேறிவிட்டாலும் உதடு உடனே தேறாது. நாயனத்தில் ஒலி பிறப்பது சீவாளியில்: காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திச் சீவிய இரண்டு இதழ்கள், மூச்சில் துடித்து உள்ளிருக்கும் காற்றை அதிர வைக்கின்றன. கமகத்தில் பாதி விரல், பாதி உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமும். பல் போனவர்களுக்கு அந்தப் பிடி நழுவும். பழைய பெட்டியில் கிடக்கும் காய்ந்த சீவாளியோடு மல்லுக்கட்டாதீர்கள். இளகிய சீவாளியாக நாலைந்து வாங்கிக்கொண்டு, முதல் மாதம் கீழ் ஸ்தாயியில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடியுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வாங்கப் போகும்போது சுருதிப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள்.